விக்கி அக்கா

விக்கி என்று ஒரு ஆள் இருக்கிறான் என்று எங்கள் கம்பெனியில் மூன்று மாதம் நம்பினார்கள். இருபத்தைந்து வயசு, சத்திரப்பட்டிப் பக்கம், சிவப்புக் கலர் பைக் என்பது வரைக்கும் விவரம் சேர்ந்திருந்தது. நம்பியவர்களையும் குறை சொல்ல முடியாது. ஸ்டோர் அக்கா வாயைத் திறந்தால் அந்தப் பெயர்தான் வரும். "செத்த இரு, விக்கியில பாத்துச் சொல்லுதேன்" என்பாள். "ஞாயித்துக்கெழம பூரா விக்கியோடதான் இருந்தேன், பொழுது போனதே தெரியல" என்பாள். ஐம்பதைத் தொடப்போகிற, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு வாக்கப்பட்ட ஒரு பெண் இப்படிச் சொன்னால் தறிக்கூடத்தில் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்?

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுப்போடும் துணி நெய்து, வெட்டி, பாக்கெட் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. அக்கா ஸ்டோருக்குப் பொறுப்பு. நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். இரண்டு பேருக்கும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம் என்பதால் விக்கி என்பது ஆள் இல்லை, மென்பொருள் என்று எனக்கு மட்டும் முதலிலேயே தெரியும்.

இணையத்தில் ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அது மாதிரி ஒன்றை ஒருத்தர் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்வது. மொத்தமும் ஒரே ஃபைல், பென் டிரைவில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். பக்கங்களும் அதற்குள்ளேயே, திருத்துகிற வசதியும் அதற்குள்ளேயே. ஒரு சொல்லைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது நீலமாகி அடிக்கோடு வாங்கிக்கொள்ளும். தொட்டால் அந்தச் சொல்லின் பெயரில் ஒரு பக்கம் திறக்கும். அப்படி ஒரு பக்கம் இல்லையென்றால், எழுதுகிறீர்களா என்று கேட்கும். அக்காவைப் பார்த்து யாரும் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

அக்காவின் சித்தப்பா மகள், சென்னையில் வேலை பார்ப்பவள், சமையல் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளட்டும் என்று அதை அக்காவின் லேப்டாப்பில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா முதல் நாள் ரசம் வைப்பது எப்படி என்று எழுதினாள். மிளகு என்ற சொல் நீலமானது. மிளகு பக்கத்தில் மிளகு வாங்குகிற கடை நீலமானது. கடைக்காரர் நீலமானார். கடைக்காரரின் மைத்துனர் வத்திராயிருப்பில் மாந்தோப்பு வாங்கியதால் வத்திராயிருப்பு நீலமானது. ஒரு மாதம் கழித்து, ரசம் என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். பிளவக்கல் அணையில் வந்து நிற்கிறது என்றாள்.

மற்றவர்கள் மின்னூலைத் திறந்து படிப்பார்கள். அக்கா உடைத்துத்தான் படிப்பாள். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து விக்கிக்குள் போட்டு, கதையில் வருகிற ஆள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம் திறந்த பிறகுதான் முதல் வரியையே வாசிப்பாள். ஒரு துப்பறியும் கதையை இப்படி ஆறு மாதம் படித்தாள். பஸ்ஸில் பொறுக்கமுடியாமல், கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அவன் ஆருன்னு அப்பவே தெரிஞ்சு போச்சுட்டி. ஆனா அந்த பங்களா வாட்ச்மேன் எந்த ஊர்க்காரன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல" என்றாள். கதை எழுதியவர் மேல் அவளுக்கு உண்மையான வருத்தம் இருந்தது. ஒரு மனுஷனைக் கேட்டைத் திறக்கவிட்டு, பெயர் கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாரே என்று. அந்த வாட்ச்மேனுக்குத் தானே ஒரு பக்கம் எழுதி, கான்சாபுரத்தில் வீடும், முழங்கால் வலியும், போலீஸில் சேர்ந்த மகனும் கொடுத்தாள்.

அவள் சொந்தமாக எழுதிக்கொண்டிருந்த மின்னூலும் ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போவதுதான் கதை. அரை மணி நேரப் பயணம். ஆறு வருஷமாக எழுதுகிறாள். புத்தகத்தில் பஸ் இன்னும் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார், கண்டக்டர் பால்கோவாக் கடை முன்னால் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார், அந்த யாரோவின் பக்கத்தை அக்கா எழுதிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் தினமும் அதே தடத்தில் போய்த் திரும்பிக்கொண்டிருந்ததைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

விக்கி விவகாரம் கடைசியில் அவள் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது. ஒரு நாள் மதியம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, அளந்து வெட்டிய மீசை. ஓய்வு பெற்று வந்ததில் இருந்து வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அந்தப் பத்தில் நாலை என்னிடம் செலவு செய்தார். இங்கே விக்கி என்பது யாரு என்று கேட்டார். பாக்கெட் போடும் ஹாலில் அத்தனை பெண்களும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அக்காவிடம் ஓடினேன். "அவிய வந்திருக்காவளா? நல்லதாப் போச்சு, ஒரு விவரம் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். அவரை ஸ்டோருக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் விக்கியைத் திறந்து, 'வீட்டுக்காரர்' என்ற பக்கத்தைக் காட்டினாள். நானும் பின்னால் நின்று பார்த்தேன். வேலை பார்த்த இடங்கள்: கேட்டால் சொல்வதில்லை. பிடித்தது: முறுகல் தோசை. பிடிக்காதது: கேள்வி. அழுதது: ஒரு முறை, ரேடியோவில் செய்தி கேட்டபோது, என்ன செய்தி என்று தெரியவில்லை.

அவர் ரொம்ப நேரம் படித்தார். வெளியே பெண்கள் சண்டைச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"முறுகல் இல்ல. ஓரம் மட்டும் முறுகலா இருக்கணும்" என்றார் கடைசியில்.

அக்கா உடனே திருத்தினாள். அவர் ரேடியோ வரியின் மேல் விரலை வைத்து, அந்தச் செய்தியில் அவருடன் வேலை பார்த்த ஒருவரின் பெயர் வந்தது என்றார். பெயரைச் சொன்னார். அது நீலமானது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள் என்று கேள்விப்பட்டேன். அவருடைய பக்கம் மட்டும் பஸ்ஸை விட வேகமாகப் போனதாம்.

இதெல்லாம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கெடுத்தது கம்பெனியின் பொன்விழா. அப்பாவின் பெருமையைப் புத்தகமாகப் போடவேண்டும் என்று முதலாளியின் மகன் ஆசைப்பட்டார். காகிதத்தில் போட்டால் பழைய காலம், மின்னூலாகப் போட்டு ஆளாளுக்கு வாட்ஸப்பில் அனுப்பவேண்டும் என்றார். இந்த மாதிரி வேலை தெரிந்தவர் கம்பெனியில் யார் என்று கேட்டதற்கு எல்லோரும் ஸ்டோரைக் காட்டினார்கள்.

வாசகத்தை அவரே எழுதிக்கொடுத்தார். கருணையே உருவான நிறுவனர், ஒரே குடும்பமாக வாழும் தொழிலாளர்கள், இதுவரை ஒரு சிறு காயம்கூட ஏற்படாத தறிக்கூடம். அக்கா ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அப்படியே விக்கியில் ஏற்றினாள். ஏற்றியபின், கைப்பழக்கத்தில், பக்கம் இருந்த சொல்லுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தாள். பக்கம் இல்லாத சொல்லுக்குப் பக்கம் எழுதினாள்.

முதலாளிக்குத் திரையில் படித்தால் கண் வலிக்கும். கலர் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோனேன். காகிதத்தில் எந்தச் சொல்லும் திறக்காது என்பதை நானும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "முக்கியமான எடத்துல எல்லாம் கலர் குடுத்துக் கோடு போட்டிருக்கா. பொறுப்பான பொம்பள" என்றார். கருணைக்குக் கீழே இருந்த கோடு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தன் பெயருக்கும் ஒரு கோடு போடச் சொல்லி அனுப்பினார். அக்கா போட்டாள். அதற்கும் ஒரு பக்கம் இருந்தது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் ஒரு ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். பெரிய திரையில் மின்னூலைத் திறந்து வைக்க அவரை அழைத்தார்கள். அதே நிமிஷம் முதலாளி மகன் பொத்தானை அமுக்க, ஃபைல் எல்லோருடைய போனுக்கும் போனது. முதல்வர் மைக்கைப் பிடித்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். இதுவரை ஒரு சிறு காயம்கூட ஏற்படாத தறிக்கூடம் என்று வாசிக்கும்போது, சொல்லை அழுத்திக் காட்டுவதற்காகக் கம்ப்யூட்டரில் மவுஸைக் காயத்தின் மேல் வைத்துத் தட்டினார். காயம் திறந்தது.

வகுப்பெடுத்துப் பழகிய மனுஷர். கண் முன்னால் எது வந்தாலும் சத்தமாக வாசித்துவிடுவார். "காயம். முத்துமாரி, கான்சாபுரம். துணிச் சுருள் வெட்டும் மெஷினில் வலது ஆள்காட்டி விரலின் நுனி. மெஷினின் மூடி, வேலை தாமதமாகிறது என்று முந்தின மாதமே கழற்றப்பட்டது. கட்டுப்போட்ட துணி நம்முடையதுதான், ஏற்றுமதித் தரம்" என்று ஏற்ற இறக்கத்தோடு மைக்கில் வாசித்து முடித்து, அவர் அடுத்த வரிக்குப் போவதற்குள் முதலாளி மகன் வயரைப் பிடுங்கினார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிப் பேர் தட்டினார்கள். அப்புறம் கேசரி கொடுத்தார்கள்.

வயரைப் பிடுங்கினால் திரைதான் அணையும். போன்கள் அணையவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் யாரும் இலையைப் பார்க்கவில்லை. தறிக்கூடத்து ஆட்கள், பாக்கெட் போடும் பெண்கள், லாரி டிரைவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைத் தேடித் தொட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பக்கம் இருந்தது. தனக்கு ரெண்டே வரிதானா என்று ஒரு ஃபிட்டர் கோபப்பட்டார். தான் தறிக்குப் பின்னால் தூங்குவது புத்தகத்தில் ஏறிவிட்டது என்று இன்னொருவர் கோபப்பட்டார். கருணையைத் தொட்டவர்களுக்கு, மாமனார் சாவுக்கு லீவு கேட்ட ஒரு ஆளிடம், அவர் உன் சொந்த அப்பா இல்லையே என்று முதலாளி சொன்னது வந்தது.

நான் என் பெயரைத் தேடவில்லை. காயத்தைத்தான் தொட்டேன். முதல்வர் வாசிக்காமல் விட்ட அடுத்த வரி அங்கே இருந்தது. "வீட்டில் தேங்காய் வெட்டும்போது அரிவாள் பட்டது என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போனது. டைப் செய்தவர்:" என்று போட்டு, என் பெயர், நீல எழுத்தில்.

அந்தக் கடிதத்தை நான் அடித்தது உண்மை. மேனேஜர் சொன்னார், அடித்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால். வெளியே பெஞ்சில் முத்துமாரி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் மேனேஜர் அறைக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். தேங்காயா மாங்காயா என்று ஒரு சந்தேகம் வந்து திரும்பக் கேட்டுவிட்டு வந்தேன் என்பது கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்று பஸ்ஸில் அக்கா எப்போதும் போல எனக்கு ஜன்னல் பக்கம் இடம் போட்டு வைத்திருந்தாள். நான் உட்காராமல் நின்றேன். சிவகாசி ரோடு பிரிகிற இடம் வந்ததும் அவள், "தப்பா எழுதியிருந்தேன்னா திருத்துட்டி. திருத்துறதுக்குப் பொத்தான் இருக்குல்லா" என்றாள். அவள் முகத்தில் குத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் அவள் முன்னாலேயே என் போனில் திருத்து என்பதை அமுக்கி, அந்த வரியை அழித்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "சேமின்னு கீழ இருக்கு பாரு, அதயும் அமுக்கு, இல்லேன்னா போயிரும்" என்றாள்.

மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். நானும் உள்ளே இருந்தேன், நடப்பதை எழுதிக்கொள்ள. அக்கா எழுதியதில் பொய் எது என்று காட்டினால் மாற்றிவிடுவதாகச் சொன்னாள்.

"பொய்னு யாரும்மா சொன்னா? அத ஏன் நீலக் கலர்ல போட்டன்னுதான் கேக்கேன்" என்றார் முதலாளி.

எல்லா இணைப்பையும் எடுத்துவிட்டு வேறு ஃபைல் அனுப்பச் சொன்னார்கள். அக்கா நாலு நாள் உட்கார்ந்து எடுத்தாள். அனுப்பியும் பார்த்தார்கள். யாரும் திறக்கவில்லை. தொட்டால் ஒன்றும் ஆகவில்லை, புத்தகம் ரிப்பேர் என்றார்கள். பழைய ஃபைல் இருந்த போன்களில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. திருத்து என்கிற பொத்தானை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். திருத்தினால் அவரவர் போனில் இருக்கிற ஃபைலில் மட்டும்தான் மாறும். தூங்குகிறவர் தன் பக்கத்தில், தறியின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக் கோளாறு கண்டுபிடிப்பார் என்று மாற்றினார். ஃபிட்டர் தன்னுடைய ரெண்டு வரியை ரெண்டு பக்கமாக வளர்த்தார். முதலாளி மகனும் அவருடைய போனில், மெஷினின் மூடி ஒருபோதும் கழற்றப்பட்டதில்லை என்று திருத்தி அப்பாவிடம் காட்டினார் என்று சொன்னார்கள். அப்பா சமாதானமானாராம். ஆனாலும் அந்த வாரமே மெஷினுக்கு மூடி வந்துவிட்டது. புது மூடி, கழற்ற முடியாதபடி பூட்டு வைத்தது. யார் வாங்கச் சொன்னது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஸ்டோரில் இருந்து கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், சர்வீஸுக்கு என்று சொல்லி. ஒரு மாதம் வெறும் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் இல்லை.

அவள் போன பிறகு கம்பெனியில் அவளைப் பெரிய துணிச்சல்காரி என்று பேசினார்கள். நானும் சில பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் போவதற்கு முன்னால் நான் நேராகக் கேட்டபோது அவள் சொன்னது வேறு. "ஆரையும் மாட்டிவிடணும்னு நான் போடலட்டி. அந்த வார்த்த வந்துச்சு. அந்தப் பேர்ல பக்கம் இருந்துச்சு. இருக்கதத் தெரிஞ்சுக்கிட்டு எப்படி இணைக்காம விட?" இதைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவள் வஞ்சம் வைத்து எழுதியிருந்தால் நான் பதிலுக்கு வஞ்சம் வைத்துக்கொள்ளலாம். பங்களா வாட்ச்மேனுக்கும் எனக்கும் அவள் ஒரே மாதிரிதான் பக்கம் திறந்திருக்கிறாள்.

அவள் போய் ரெண்டு மாதம் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முத்துமாரி என் மேஜைக்கு வந்தாள். விரலுக்குப் பிறகு அவளைப் பாக்கெட் போடும் ஹாலுக்கு மாற்றியிருந்தார்கள். மருமகளின் பழைய போனை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

"எனக்கும் ஒரு பக்கம் இருக்காம்லா. வாசிச்சுக் காட்டுங்க. இவளுகள்ட்ட கேட்டா, ஆளாளுக்கு அவ அவ பக்கத்தத்தான் வாசிக்காளுக" என்றாள்.

என் போனில் வாசிக்கிறேன் என்று எடுத்தேன். வேண்டாம், இதிலேயே வாசிங்க, எம் பேர் எங்க இருக்குன்னு நானும் பாக்கணும் என்று அவள் போனை என் கையில் வைத்தாள். அதில் யாரும் எதையும் திருத்தியிருக்கவில்லை.

வாசித்தேன். கான்சாபுரம் வாசித்தேன். மெஷின் வாசித்தேன். மூடி வாசித்தேன். அவள் குனிந்து என் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்றுமதித் தரம் என்ற இடத்தில் லேசாகச் சிரித்தாள். அடுத்த வரி வந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. தாண்டிப் போய்விட்டால் இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம் எங்கேயோ கேட்டது. நான் அந்த வரியை, தேங்காயை, அரிவாளை, டைப் செய்தவர் என்பதை, கடைசியில் என் பெயரை, சத்தமாக வாசித்தேன்.

"அது எனக்குத் தெரியும்லா. மேல படிங்க" என்றாள் முத்துமாரி.

மேலே இன்னும் நாலு வரி இருந்தது. அவள் பிள்ளைகளைப் பற்றி, ஊரில் அவள் வைத்திருக்கும் ரெண்டு ஆடுகளைப் பற்றி. படித்து முடித்ததும் போனை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வேலையை விட்ட பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, என்னை உள்ளே உட்காரச் சொல்லி, காபி குடிக்கிறியாம்மா என்றும் கேட்டார். அக்கா லேப்டாப் முன்னால் இருந்தாள். நடந்ததை நின்றபடியே சொன்னேன். நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது. அவள் எழுந்து வந்து கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அக்கா எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விசைப்பலகை மேல் வைத்தாள்.

"செத்த நிறுத்தி நிதானமாச் சொல்லு. அவ 'மேல படிங்க'ன்னு சொன்னாளா, 'மேல வாசிங்க'ன்னு சொன்னாளா?"